எம்.எஸ்சி. முடித்தவனுக்கு மூளை ஆய்வில் வேலை: பெங்களூரு திட்டப் பணியை ஏற்பதா, விடுவதா?

கேள்வி: குற்றாலச் சாரல்

அனைவருக்கும் வணக்கம். தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் எனக்கு. திருநெல்வேலியில் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி அண்மையில்தான் முடித்தேன். இறுதியாண்டு ஆய்வேடு, எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் பெரும்பாலோர் செய்வதுதான்: மூலிகைச் சாறு எடுத்து, பாக்டீரியா வளர்த்த தட்டில் வைத்து, மறுநாள் தெளிந்திருக்கும் வட்டத்தின் விட்டத்தை அளந்து எழுதுவது. மூளைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் நானாகத் தேடிப் படிப்பதெல்லாம் நரம்பணுக்களைப் பற்றித்தான். கேட் தேர்வில் தேறியிருக்கிறேன். தரவரிசை சொல்லிக்கொள்ளும்படி இல்லை. நெட் இன்னும் கைக்கு எட்டவில்லை.

பெங்களூருவில் ஓர் ஆய்வகம் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) பணிக்கு இணையவழி நேர்காணலுக்கு அழைத்திருக்கிறது. எலியின் ஹிப்போகேம்பஸில், அதாவது மூளையில் நினைவுக்கு முக்கியமான பகுதியில், நினைவு எப்படிப் பதிகிறது என்பது அவர்களுடைய ஆய்வு. விளம்பரத்தின் கடைசியில், “பணி ஓராண்டுக்கு மட்டும், செயல்திறனைப் பொறுத்து நீட்டிக்கப்படலாம், திட்டம் முடியும்போது பணியும் முடியும்” என்று இருக்கிறது. அந்த ஒரு வரியைத்தான் அப்பா திரும்பத் திரும்பப் படித்துக் காட்டுகிறார். குரூப் டூவுக்குப் படி, வங்கித் தேர்வு எழுது, முப்பது வயதுவரை உதவித்தொகையில் எப்படி வாழ்வாய் என்கிறார். அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவர் கேட்பதில் தப்பே இல்லை.

இந்தப் பணியை ஏற்கலாமா? மூலிகைச் சாறு ஆய்வேட்டை வைத்துக்கொண்டு நேர்காணலில் என்ன பேசுவது? நேராக வெளிநாட்டில் பிஎச்.டி.க்கு விண்ணப்பிப்பது மேலா? இந்தத் துறையில் கடைசியில் நிற்கிற இடம்தான் எது? அனுபவம் உள்ளவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

பதில்: மின்முனை

தம்பி, நேர்காணலுக்குக் கட்டாயம் போ. பணியை ஏற்பதா என்பது, அங்கே நீ கேட்கப்போகும் சில கேள்விகளுக்கு வரும் பதிலைப் பொறுத்தது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கரூர்க்காரி. விலங்கியல் படித்தவள். உன்னைப் போலவே ஒரு திட்டப் பணியில்தான் தொடங்கினேன். பிறகு இந்தியாவில் பிஎச்.டி., ஜெர்மனியில் கோட்டிங்கனில் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி), இப்போது பெங்களூருவில் ஒரு நுண்ணோக்கி மையத்தைப் பார்த்துக்கொள்கிறேன். பேராசிரியை இல்லை. எனக்கென்று ஆய்வகமும் இல்லை. பத்துப் பதினைந்து ஆய்வகங்களின் மாணவர்கள் என் கருவிகளில் வந்து உட்காருகிறார்கள். அதனால் யார் எதைக் கற்றுக்கொண்டு போகிறார்கள், யார் வெறும் கையோடு போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அப்பா படித்துக் காட்டும் அந்த வரி எல்லாத் திட்டப் பணி விளம்பரங்களிலும் இருக்கும். டி.பி.டி., ஐ.சி.எம்.ஆர்., ஏ.என்.ஆர்.எஃப். போன்ற மத்திய அரசின் ஆய்வுநிதி அமைப்புகள் ஓர் ஆய்வாளருக்குப் பெரும்பாலும் மூன்றாண்டுக்குப் பணம் ஒதுக்குகின்றன. அந்தப் பணத்திலிருந்துதான் உன் சம்பளம். திட்டம் முடிந்தால் நீயும் வெளியே. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, ஆனால் ஒரு சூட்சுமம் இருக்கிறது: நீ சேரும்போது அந்த மூன்றாண்டில் எவ்வளவு மீதி இருக்கிறது? முதலில் சேர்ந்தவர் பாதியில் விலகி, மீதமுள்ள எட்டு மாதத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தால், உனக்கு வேலை பழகுவதற்குள் கதவு மூடிவிடும். எனவே முதல் கேள்வி, “திட்டம் எந்த மாதம் முடிகிறது?” இரண்டாவது, “இந்தப் பணியில் முன்பு இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார்?” இரண்டையும் மரியாதையாகக் கேட்கலாம். கோபப்படும் தலைவரிடம் வேலைக்குச் சேராதே.

மூன்றாவது கேள்வி: “முதல் ஆறு மாதத்தில் நான் எந்தச் செய்முறையைக் கற்றுக்கொள்வேன்?” இதற்கு வரும் பதில்தான் எனக்கு மற்றெல்லாவற்றையும்விட முக்கியம். மூளை ஆய்வில் உன் பட்டத்தின் பெயரை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. உன் கை எதைச் செய்யும் என்றுதான் கேட்பார்கள். ஹிப்போகேம்பஸ் ஆய்வகம் என்கிறாய், அநேகமாகப் பேட்ச் கிளாம்ப் இருக்கும், அதாவது ஒற்றை நரம்பணுவின் மின்னோட்டத்தை அளக்கும் முறை. எலியின் மூளையை விரைவாக எடுத்து, 300 மைக்ரான் தடிமனில் சீவி, 95 விழுக்காடு ஆக்சிஜனும் 5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடும் குமிழியிடும் உப்புக் கரைசலில் போட்டால் அந்தச் சீவல் பல மணி நேரம் உயிரோடிருக்கும். பிறகு ஒரு கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்து, நுனி ஒரு மைக்ரான் அளவுக்கு வந்ததும், அதை நுண்ணோக்கியின் கீழ் ஒரே ஒரு நரம்பணுவின் சவ்வில் தொட வைத்து, மறுமுனையிலிருந்து வாயால் மெல்ல உறிஞ்ச வேண்டும். மின்தடை கிகா ஓம் அளவுக்கு ஏறினால் அணு பிடிபட்டுவிட்டது. இந்த முறையை உருவாக்கிய எர்வின் நேயர், பெர்ட் சாக்மன் இருவருக்கும் 1991இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் அதைச் செய்தது கோட்டிங்கனில்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஊர்ப்பெருமை உண்டு.

இந்த வேலை பழக மாதக்கணக்காகும். அணு பிடிபடாத நாள்களே அதிகம். பிடிபட்டாலும் திரையில் 50 ஹெர்ட்ஸ் அலை வந்து எல்லாவற்றையும் கெடுக்கும். எந்த மின்விளக்கு, எந்த எர்த் கம்பி என்று கருவியைச் சுற்றியுள்ள கம்பிக் கூண்டுக்குள் தலையை விட்டுத் தேட வேண்டும். எங்கள் ஊர் மோட்டார் மெக்கானிக்கிடம் இருக்கும் பொறுமை சில முதல் மதிப்பெண் மாணவர்களிடம் இருப்பதில்லை. ஆனால் ஒருமுறை கைவந்துவிட்டால், உலகத்தில் எந்த ஊரிலும் உன்னைத் தேடுவார்கள். இதே பேச்சு உயிருள்ள மூளையின் உட்பகுதியைப் படமெடுக்கும் இரு ஃபோட்டான் நுண்ணோக்கிக்கும், உயிருள்ள விலங்கில் நூற்றுக்கணக்கான நரம்பணுக்களை ஒரே நேரத்தில் பதியும் நியூரோபிக்சல்ஸ் மின்முனை இறக்குவதற்கும், மூளை இயங்குவதைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. தரவைப் பிரித்துப் படிப்பதற்கும் பொருந்தும். “நீங்கள் ஜெல் ஓட்டுவீர்கள், கரைசல் தயாரிப்பீர்கள், பொருள் வாங்கும் கோப்புகளைப் பார்த்துக்கொள்வீர்கள்” என்று மட்டும் பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டுக் கும்பிடு போட்டு வந்துவிடு.

பணம். 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வாளர்) 42,000 ரூபாய், அதன்மேல் வீட்டு வாடகைப் படி. திட்டப் பணியில் இந்தத் தொகை கிடைக்க நெட் அல்லது கேட் போன்ற தேசியத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். உனக்குக் கேட் இருக்கிறது. ஆனால் விளம்பரத்தில் உண்மையிலேயே ஜே.ஆர்.எஃப். என்றுதான் இருக்கிறதா, இல்லை ‘திட்ட உதவியாளர், மொத்தத் தொகை இவ்வளவு’ என்று இருக்கிறதா என்று மறுபடி பார். இரண்டுக்கும் வேறுபாடு பெரிது. பெங்களூருவில் ஆய்வகத்துக்குப் பக்கத்தில் மூவர் சேர்ந்து தங்கினால் ஜே.ஆர்.எஃப். தொகையில் வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பலாம். குரூப் டூ சம்பளத்தோடு ஒப்பிட்டு அப்பாவிடம் வாதாடாதே. நிரந்தரம் என்ற ஒன்றில் அவர் பக்கம்தான் வெல்லும்.

திட்டப் பணி தானாகப் பிஎச்.டி. ஆகிவிடாது. இதைப் பலரும் தவறாக நினைத்துக்கொண்டு வருகிறார்கள். பெங்களூருவின் என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் ஆய்வு மையம்), ஹரியானாவில் மானேசரின் தேசிய மூளை ஆய்வு மையம் போன்றவற்றுக்கு ஜே.ஜி.ஈ.ஈ.பி.ஐ.எல்.எஸ். என்ற பொது நுழைவுத் தேர்வு இருக்கிறது. இந்திய அறிவியல் கழகத்தின் நரம்பறிவியல் மையத்துக்கும், பெங்களூருவின் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸுக்கும் வழி வேறு வேறு. மானேசர் மையத்தை 2003இல் நாட்டுக்கு அர்ப்பணித்தவர் நம் ராமேசுவரத்துக்காரர் அப்துல் கலாம். அங்கே மூலக்கூறு முதல் மனித மூளைப் படம்வரை ஒரே வளாகத்தில் நடக்கிறது, பலருக்கு அந்த இடம் நினைவுக்கே வருவதில்லை. எல்லாரும் பெங்களூரு, பெங்களூரு என்றே அலைகிறார்கள். நானும் இங்கேதான் இருக்கிறேன் என்பது வேறு விஷயம். ஆக, பகலில் எலி, இரவில் நெட்டுக்கும் நுழைவுத் தேர்வுக்கும் படிப்பு என்று ஓர் ஆண்டாவது ஓட வேண்டியிருக்கும்.

மூலிகைச் சாற்றுக்காக வெட்கப்படாதே. தெற்கிலிருந்து வரும் பாதிப் பேரின் ஆய்வேடு அதுதான் என்பது நேர்காணல் செய்பவர்களுக்குத் தெரியும். அவர்கள் பார்ப்பது, அதையாவது புரிந்து செய்தாயா என்பதை. சாற்றை எதில் கரைத்தாய்? அந்தக் கரைப்பானை மட்டும் வைத்த தட்டு இருந்ததா? எத்தனை முறை திரும்பச் செய்தாய்? வட்டம் பெரிதானால் மருந்து வலுவானது என்று சொல்ல முடியுமா, அல்லது அது வேகமாகப் பரவியதால் இருக்கலாமா? இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்பவனை நான் எலி ஆய்வகத்துக்குத் தயங்காமல் எடுப்பேன்.

“சிறு வயதிலிருந்தே மூளை என்னை ஈர்த்தது” என்று மட்டும் தொடங்காதே. அதைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்குச் சலித்துவிட்டது. அந்த ஆய்வகத்தின் அண்மைக் கட்டுரைகளில் ஒன்றை எடுத்து, ஒரே ஒரு படத்தை அங்குலம் அங்குலமாகப் படி. கிடையச்சில் என்ன, ஒப்பீட்டுக் குழு எது, எத்தனை விலங்கு, எத்தனை அணு. அதில் உனக்குப் புரியாத ஒன்றை நேர்காணலில் நீயே கேள். அடிப்படையில் ஒன்று கட்டாயம் வரும்: நரம்பணு ஓய்வில் இருக்கும்போது ஏன் ஏறத்தாழ மைனஸ் 70 மில்லிவோல்ட்? பொட்டாசியத்தின் சமநிலை மைனஸ் 90 பக்கம் இருக்கிறது, பிறகு ஏன் அங்கே போய் நிற்கவில்லை? அந்தச் சமநிலையைக் கணக்கிடும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டை மனப்பாடமாக ஒப்பிக்காமல், சோடியம் கொஞ்சம் கசிகிறது என்பதைச் சொந்தச் சொல்லில் சொன்னால் போதும். ஹிப்போகேம்பஸ் என்பதால் எல்.டி.பி. (நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்பு நீண்ட நேரத்துக்கு வலுப்பெறுவது) பற்றியும் கேட்பார்கள். 1973இல் பிளிஸும் லோமோவும் முயலின் மூளையில் என்ன கண்டார்கள் என்று படித்துவிட்டுப் போ.

வெளிநாடு பற்றி. நேராக விண்ணப்பிக்கலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் அங்கே தேர்வுக் குழுவை அசைப்பது பரிந்துரைக் கடிதம். உன் கைவேலையைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர் எழுதும் ஒரு பக்கத்துக்கு, கல்லூரித் துறைத்தலைவர் எல்லா மாணவருக்கும் எழுதித் தரும் கடிதம் ஈடாகாது. அந்தக் கடிதத்துக்காகவே இரண்டாண்டுத் திட்டப் பணி தகும். ஜெர்மனியில் பிஎச்.டி. மாணவர் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர். அரசு ஊதிய அட்டவணையில் ஈ13 என்ற படிநிலையின் ஒரு பங்கு, நம் துறையில் பொதுவாக 65 விழுக்காடு, சம்பளமாகக் கிடைக்கும். கோட்டிங்கன், டூபிங்கன் இரண்டிலும் நரம்பறிவியலுக்கென்றே ஆங்கிலவழிப் படிப்புகள் இருக்கின்றன. அமெரிக்காவில் முதல் ஆண்டில் இரண்டு மூன்று ஆய்வகங்களில் சுற்றிப் பார்த்த பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி அருமையானது. ஆனால் 2025இல் அரசு ஆய்வுநிதி ஆட்டம் கண்டதில் பல பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. சேர்க்கையைக் குறைத்தன. அதை மட்டும் நம்பி ஓர் ஆண்டை வீட்டில் உட்கார்ந்து கழிக்காதே.

கடைசியில் நிற்கிற இடம்? பேராசிரியர் நாற்காலிதான் என்றால், பிஎச்.டி. ஐந்தாறு ஆண்டு, போஸ்ட்டாக் மூன்று முதல் ஐந்து, அதன்பின் ராமலிங்கசுவாமி, இன்ஸ்பையர், இந்தியா அலையன்ஸ் போன்ற நிதிநல்கைகளில் ஒன்று என்று முப்பத்தைந்தைத் தொட்டுவிடும். ஐ.ஐ.டி.யில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 1,01,500 ரூபாய். நல்ல சம்பளம்தான், ஆனால் இடங்கள் குறைவு. அதுவரை வந்து அங்கே போகாதவர்கள் பலர். நான் அப்படி ஒருத்தி, எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது.

பதில்: கரையேறியவன்

மேலே அக்கா சொன்னதில் பொய் இல்லை. ஆனால் கொஞ்சம் வெயில் படாத பக்கமும் தெரிய வேண்டும்.

நானும் இதே வழிதான். பிஎச்.டி., அமெரிக்காவில் போஸ்ட்டாக், திரும்பி வந்து நேர்காணல்கள். இப்போது ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் தரவுப் பிரிவில் இருக்கிறேன். பிஎச்.டி. செய்த இடத்தில் (பெயர் வேண்டாம்) உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல், பிறகு மொத்தமாக வரும். அதுவரை கடன், நண்பர்கள், மெஸ் அக்கவுண்ட். கேட்டால், “மேலிருந்து பணம் வரவில்லை”. வாடகை கேட்கும் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்ல முடியுமா? பணி விளம்பரங்களில் வயது வரம்பு வேறு. அயல்நாட்டில் ஒரு கட்டுரை வெளிவரக் காத்திருந்த காலமே என் வயதைத் தின்றது.

தம்பி, அக்காவின் கல்யாணம் முடியும்வரை வீட்டுக்கு மாதா மாதம் தவறாமல் பணம் வேண்டும் என்ற நிலை இருந்தால், அதை முதலில் எண்ணுங்கள். ஆர்வம் அடுத்த ஆண்டும் இருக்கும்.

போகத்தான் போகிறீர்கள் என்றால் ஒன்றைச் செய்யுங்கள்: பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். பேட்ச் கிளாம்ப் நுட்பத்தைக் காப்பீட்டு நிறுவனத்தில் யாரும் கேட்கவில்லை. நரம்பணுக்கள் எப்போது துடித்தன என்ற பதிவுகளைப் பிரிக்க நான் எழுதிப் பழகிய நிரல்தான் இன்று சோறு போடுகிறது. நியூரோமேட்ச் அகாடமி என்று 2020 முதல் கணினிவழி மூளை ஆய்வுக்கு ஓர் இணையவழிக் கோடைப் பள்ளி நடக்கிறது; கட்டணத்தை நாட்டுக்கேற்பக் குறைக்கிறார்கள். பாடங்கள் எல்லாம் இலவசமாகவே பொதுவில் கிடைக்கின்றன. அமெரிக்காவின் ஆலன் மூளை ஆய்வு நிறுவனம் தன் எலி மூளைப் பதிவுகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. தென்காசியில் உட்கார்ந்தே தொடங்கலாம்.

பதில்: மெழுகுக்கட்டி

பேராசிரியரா, காப்பீடா என்று இரண்டே வழி இருப்பதுபோல் பேசுகிறீர்கள். நான் மதுரையில் டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வக நுட்பப் பட்டயம்) படித்தவன். சென்னையில் மூளைத் திசு சீவும் வேலை. பிஎச்.டி. இல்லை, அந்த எண்ணமும் இல்லை.

ஐ.ஐ.டி. மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் ‘தரணி’ என்று மனிதக் கருவின் மூளைக்கு முப்பரிமாண வரைபடம் வெளியிட்டது. 5,132 சீவல்கள். எண்ணைப் பார்த்து எல்லாரும் வியந்தார்கள். எனக்கு அந்த 5,132இல் ஒவ்வொன்றும் சுருளாமல், கிழியாமல், வரிசை மாறாமல் கண்ணாடியில் உட்கார்ந்ததுதான் வியப்பு. கருவின் மூளை தயிர்போல இருக்கும். கத்தி கொஞ்சம் மழுங்கினாலும் கோடு விழும். ஒரு சீவல் போனால் அந்த இடத்தில் வரைபடத்தில் ஓட்டை.

இப்படிப்பட்ட மையங்களில் திசு வெட்டுபவர், சாயமேற்றுபவர், படம் எடுப்பவர், படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தும் பொறியாளர் என்று எத்தனையோ பேர் வேண்டும். நிம்ஹான்ஸில் 1995 முதல் மனித மூளை வங்கி இருக்கிறது. அங்கும் மூளையைப் பெற்று, உறைய வைத்து, பதிவு செய்து காக்க ஆள் வேண்டும். இந்த விளம்பரங்கள் நாளிதழில் வராது. அந்தந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் மூலையில் கிடக்கும், பத்து நாளில் தேதி முடிந்துவிடும். இந்தியாபயோசயின்ஸ் தளத்தில் உயிரியல் வேலைகளைத் தொகுத்துப் போடுகிறார்கள். வாரம் ஒருமுறை பாருங்கள்.

பதில்: ஓசூர்க்காரி

எலி, சீவல், நிரல் எல்லாம் பேசியாயிற்று. மனிதர்களை மறந்துவிட்டீர்கள்.

நான் உளவியல் படித்தவள். முதியவர்களின் நினைவாற்றலை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து பார்க்கும் ஒரு திட்டத்தில் களப்பணி செய்கிறேன். இத்தகைய ஆய்வுகளில் நம் பக்கத்தில் பெரியது, இந்திய அறிவியல் கழக வளாகத்தில் இருக்கும் மூளை ஆய்வு மையம் கோலார் மாவட்டம் சீனிவாசபுராவில் நடத்துவது. 45 வயதுக்கு மேற்பட்ட பத்தாயிரம் கிராமத்தாரைத் தொடர்வது அவர்கள் இலக்கு. ரத்தம், எம்.ஆர்.ஐ., நடை, கேள்விகள் எல்லாம் உண்டு.

இந்தத் துறையில் மொழி தெரிந்த ஆளுக்கு இருக்கும் மதிப்பைச் சொல்கிறேன். மேலை நாட்டு நினைவுச் சோதனை ஒன்றில் “ஒரு வாக்கியம் எழுதுங்கள்” என்று வரும். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பாட்டியிடம் அதைக் கேட்டால், மறதி நோயே இல்லாதவருக்கு மதிப்பெண் குறைந்துவிடும். அதனால்தான் 1990களில் ஹரியானாவின் வல்லபகட் பகுதியில் எழுத்தறிவு தேவைப்படாத ஹிந்தி வடிவம் ஒன்றை உருவாக்கினார்கள். எங்கள் பகுதியில் ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவார்கள். கேள்வியை எந்த மொழியில் கேட்கிறோம் என்பதிலேயே விடை மாறும். ஐந்து சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்டால், “ஏம்மா, நீயே மறந்துட்டியா?” என்று என்னைக் கேட்பார்கள். அவர்களோடு சிரித்துப் பேசி, அதே சமயம் சோதனையின் விதி மாறாமல் நடத்தத் தெரிந்தவர்கள் கிடைப்பது கடினம் என்று எங்கள் தலைவர் எப்போதும் அலுத்துக்கொள்வார்.

சென்னையில் ஸ்கார்ஃப், 1984இல் சாரதா மேனன் தொடங்கிய மனச்சிதைவு ஆய்வு அமைப்பு, இத்தகைய ஆய்வுகள் நடத்துகிறது. பயோடெக்னாலஜி படித்தவர்களையும் ரத்த மாதிரி, மரபணுப் பிரிவுகளுக்கு இதுபோன்ற திட்டங்களில் எடுப்பதுண்டு.

குற்றாலச் சாரல்

எல்லாருக்கும் நன்றி. கரையேறியவன் அண்ணா சொன்னதை அப்பாவிடம் அப்படியே படித்துக் காட்டினேன். “ஒருத்தராவது உண்மை பேசுகிறாரே” என்றார்! ஆனால் மின்முனை அக்காவின் கேள்விகளையும் காது கொடுத்துக் கேட்டார், இரண்டு ஆண்டு பார்க்கலாம் என்ற அளவுக்கு இறங்கி வந்திருக்கிறார். குரூப் டூ புத்தகங்களையும் கூடவே எடுத்துப் போக வேண்டும் என்பது நிபந்தனை.

அந்த ஆய்வகத்தில் முன்பு இருந்தவருக்கு மின்னஞ்சல் எழுதினேன். அவர் இப்போது வெளிநாட்டில் பிஎச்.டி. செய்கிறார். திட்டம் இரண்டு ஆண்டுக்கு மேல் மீதி இருக்கிறதாம். தலைவர் கண்டிப்பானவர், ஆனால் கற்றுத் தருவார் என்று எழுதியிருந்தார். விளம்பரத்தில் ஜே.ஆர்.எஃப். என்றுதான் இருக்கிறது, மறுபடி பார்த்துவிட்டேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது அக்கா. எலியைக் கொல்ல வேண்டும் அல்லவா? வீட்டில் கோழி அறுக்கும்போதே நான் கொல்லைப்பக்கம் போய்விடுவேன். நேர்காணலில் இதைச் சொன்னால் எடுக்கமாட்டார்களோ?

மின்முனை

ஆம், கொல்ல வேண்டும். மூளைச் சீவல் எடுப்பது வேறு வழியில் முடியாது. ஒவ்வொரு விலங்குக்கும் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்க வேண்டும். எத்தனை எலி, எதற்காக, வலி எப்படிக் குறைக்கப்படும் என்றெல்லாம் எழுதிக் கொடுத்துத்தான் ஒரு கூண்டைத் திறக்கலாம். மயக்க மருந்து கொடுத்து, பயிற்சி பெற்றவர் உடனிருந்துதான் முதலில் செய்ய விடுவார்கள். பலருக்கும் தொடக்கத்தில் கை நடுங்கும். கொஞ்சமும் நடுங்காதவர்களை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

நேர்காணலில் நீயே எடுத்துச் சொல்: “விலங்குகளைக் கையாண்டதில்லை, கற்றுக்கொள்ளத் தயார், முதல் சில வாரம் பார்த்துப் பழக வாய்ப்பு உண்டா?” இப்படிக் கேட்டதற்காக யாரையும் வேண்டாம் என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. சேர்ந்த பிறகு, முடியவே முடியாது என்று தெரிந்தால் பழ ஈ இருக்கிறது, மனிதரின் தலையில் மின்முனை ஒட்டி மூளையின் மின்னலையைப் பதியும் இ.இ.ஜி. இருக்கிறது, கரையேறியவர் சொன்ன பைத்தான் இருக்கிறது. பெங்களூருவில் பழ ஈயை வைத்து வாசனையறியும் விதத்தை ஆராயும் மரபு ஒபைத் சித்திகி காலத்திலிருந்து வருகிறது. ஈ ஆய்வகத்துக்கு மாறுவது வெட்கப்பட வேண்டிய காரியம் இல்லை. 2024இல் ஈயின் முழு மூளைக்கும் இணைப்பு வரைபடமே வந்துவிட்டது, 1,39,255 நரம்பணுக்கள்.

கரையேறியவர் சொன்ன பணத் தாமதம் உண்மை, அதை மட்டும் அலட்சியம் செய்யாதே. புதிதாகச் சேருபவரின் முதல் தொகை பெரும்பாலும் காலத்தில் வராது. இரண்டு மாதச் செலவுக்குப் பணம் கையில் வைத்துக்கொண்டு வா. பெங்களூருவில் வீட்டுக்காரர்கள் பல மாத வாடகையை முன்பணமாகக் கேட்பார்கள். பணி ஆணை வரும்வரை யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்காதே. விடுதியில் இடம் உண்டா என்று நேர்காணல் முடிவில் அலுவலகத்தாரிடம் கேட்டு வை, திட்டப் பணியாளருக்கும் சில இடங்களில் தருகிறார்கள்.